நடக்கத்தான் வழி, குழாய் போட இல்லை என்கிறார் கொழுந்தனார்

கேள்வி: மாமனார் வீட்டை 2008-ல் என் கணவரும் கொழுந்தனாரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்கட்டு அவருக்கு, பின்கட்டும் கொல்லையும் எங்களுக்கு. தெருவுக்கு வர மேற்கே மூன்றரை அடிச் சந்துதான் வழி. சந்து அவர் பாகத்தில் சேர்ந்தது. "பி ஷெட்யூல்தாரர் நடந்து போய்வரவும் சைக்கிள் உருட்டிச் செல்லவும் பாத்தியம்" என்று பத்திரம் சொல்கிறது. பி ஷெட்யூல் என்பது எங்கள் பாகம். எங்கள் தெருவில் பாதாள சாக்கடை வந்துவிட்டது. இணைப்பு எடுக்கச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. சந்தில் குழாய் பதிக்க விடமாட்டேன், வேண்டுமானால் ஒன்றரை லட்சம் கொடு என்கிறார் கொழுந்தனார். மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தபோது காரியத்துக்குக்கூட ஒழுங்காக வந்து நிற்காதவர். நாங்கள் குளிக்கிற தண்ணீர், சமையல் தண்ணீர் எல்லாம் மாமனார் காலத்திலிருந்து சந்து ஓரத்துச் சிறு வாய்க்கால் வழியாகத்தான் தெருவுக்குப் போகிறது. இப்போது சந்துக்கு டைல்ஸ் போடப் போகிறாராம். செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. லாரிக் குழாய் கொல்லை வரை எட்டாததால் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு இறங்கி எடுக்கச் சொல்கிறோம். அவர்மேல் கேஸ் போடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் ஒன்பது பக்கம் இருந்தது. மேலே சுருக்கமாகத்தான் கொடுத்திருக்கிறேன். கணவர் போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் பட்டதை முழுவதும் படித்தேன். ஆனால் காரியத்துக்கு வராதது, அக்கம்பக்கத்தில் பேசியது, நகைக் கணக்கு, இவை எதையும் நீதிமன்றம் காதில் வாங்காது. பிராதில் எழுதினால் நீதிபதியின் கவனம் சிதறும், அவ்வளவுதான். சட்டத்துக்கு வேண்டிய வரி உங்கள் கடிதத்தில் இரண்டே இரண்டு. ஒன்று அந்த வாய்க்கால். இன்னொன்று அந்த இரண்டு பையன்கள்.

முதலில் வாய்க்கால். பத்திரத்தில் உங்களுக்கு இருப்பது நடைபாத்தியம். நடக்க உரிமை இருப்பதால் மண்ணைத் தோண்டிக் குழாய் பதிக்கவும் உரிமை வந்துவிடாது. அந்த மட்டில் கொழுந்தனார் சொல்வது சரி. "வேறு வழியே இல்லையே, அவசியம் என்று கேட்க முடியாதா?" என்பீர்கள். அடுத்தவர் நிலத்தின் மேல் ஒருவருக்குள்ள பாத்தியங்களைச் சொல்லும் 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் அவசிய உரிமை என்று ஒன்று உண்டு. ஆனால் பாகம் பிரித்த அன்று அந்த அவசியம் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். 2008-ல் உங்கள் கழிவறைக்கு உங்கள் கொல்லையிலேயே செப்டிக் டேங்க் இருந்தது. பதினைந்து, பதினாறு வருடம் கழித்து மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்ததால் வந்த தேவையைப் பழைய பாகப்பிரிவினையில் ஏற்றுவது கடினம்.

வாய்க்கால் சமாசாரம் வேறு. பாகம் பிரித்தபோதே கண்ணுக்குத் தெரிய ஓடிக்கொண்டிருந்த நீர்வழி, உங்கள் பாகத்தை அன்று அனுபவித்தபடி அனுபவிக்கத் தேவையானதாக இருந்தால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் 13-வது பிரிவின்படி அந்த உரிமை உங்களோடு வரும். அனுபவிக்கும் முறையை மாற்றிக்கொள்ளவும் 23-வது பிரிவு இடம் கொடுக்கிறது, எதிர்த்தரப்பு நிலத்துக்குக் கூடுதல் சுமை வராத வரை. திறந்த வாய்க்கால் இருந்த இடத்தில் மூடிய குழாய் வந்தால் நாற்றமும் கொசுவும் குறைகிறது, சுமை கூடவில்லை என்று நான் வாதிடுவேன். குளித்த தண்ணீர் ஓடின இடத்தில் இப்போது மலக்கழிவை விடுகிறார்கள், இது உரிமையைப் பெருக்குவது என்று அவர் வக்கீல் 29-வது பிரிவைக் காட்டுவார். இரண்டு பக்கமும் கனம் இருக்கிறது. ஜெயிக்கக்கூடிய வழக்குதான், ஆனால் நிச்சயமாக ஜெயித்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். "மாமனார் காலத்திலிருந்து, நாற்பது வருடமாக" என்று எங்கேயும் எழுத வேண்டாம். முழு வீடும் ஒரே ஆள் கையில் இருந்த காலம் அனுபவ உரிமைக் கணக்கில் சேராது. தன் நிலத்தின் மேல் தனக்கே யாரும் பாத்தியம் சம்பாதிக்க முடியாது. அந்த வகை உரிமைக்கு இருபது வருடம் வேண்டும், உங்களுக்கு 2008-லிருந்துதான் எண்ணிக்கை ஓடும். நாற்பது என்று எழுதிவிட்டுக் குறுக்கு விசாரணையில் மாட்டி, மற்ற உண்மைகளும் நம்பப்படாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பலம் வருடக் கணக்கில் இல்லை, 2008-ல் அந்த வாய்க்கால் அங்கே இருந்தது என்பதில் இருக்கிறது. அதனால் டைல்ஸ் வேலை தொடங்குவதற்கு முன் தெருமுனை வரை தண்ணீர் ஓடுவதை வீடியோ எடுத்து வையுங்கள். பழைய கல்யாண போட்டோ, கிரகப்பிரவேச போட்டோ எதிலாவது சந்து தெரிகிறதா என்றும் தேடுங்கள். வாய்க்காலை மூட ஆரம்பித்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். மூடிய பிறகு கோர்ட் கமிஷனர் வந்து பார்த்தால் அவர் அறிக்கையில் "சிமெண்ட் தரை" என்றுதான் எழுத முடியும்.

இன்னொன்று. நகர அளவைப் பதிவேட்டின் நகலும் வரைபடமும் எடுத்துப் பாருங்கள். பழைய ஊர்களில் கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும், இப்போது குப்பையும் செடியும் மண்டிக் கிடக்கும். அது மாநகராட்சி நிலம் என்று பதிவாகியிருந்தால் கொழுந்தனாரைக் கேட்கவே வேண்டியதில்லை. இதைப் பார்க்காமலே வருடக்கணக்கில் வழக்காடிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

சரி, இப்போது அந்தப் பையன்கள். கடிதத்தின் ஏழாவது பக்கத்தில், லாரி எட்டாத கஷ்டத்தைச் சொல்லும்போது போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டேன்.

செப்டிக் டேங்கில் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். நகராட்சிக்கும் காண்டிராக்டருக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம், "எந்த நபரும்" என்றுதான் 7-வது பிரிவு தொடங்குகிறது. வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து வருடமும் ஐந்து லட்சமும் வரை போகும். ஜாமீனில் வரமுடியாத குற்றம். யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும் இறக்கியதே குற்றம். உயிர் போய்விட்டால் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவும் சேரும், அதற்கு ஐந்து வருடம் வரை தண்டனை. இறங்கியவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் போலீஸ் சேர்க்கப் பார்க்கும், அதில் முன்ஜாமீன் கேட்கவே தடை இருக்கிறது. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. அதற்கு முன் பத்து லட்சமாக இருந்தது.

"அவர்களாகவே சம்மதித்துத்தான் இறங்கினார்கள், கூலி பேசித்தான் கொடுத்தோம்" என்பது பதிலாகாது. கூலி கொடுத்தேன் என்று நீங்கள் சொல்வதே வேலைக்கு அமர்த்தியதற்குச் சாட்சி.

என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதே மாதிரிதான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு குழாய்ப் பாதைக்கு வழக்கு. தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்று உத்தரவாகி, வாய்தா மேல் வாய்தா. கோர்ட் தள்ளி வைக்கலாம், டேங்க் தள்ளி வைக்காது. அது நிரம்பிக்கொண்டேதான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அவசரத்துக்கு ஆள் கூப்பிட்டார். முதலில் இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் உள்ளேயே விழுந்தார். மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டோம், நாற்றம்கூட இல்லை என்றார் கட்சிக்காரர். டேங்க்குக்குள் சேரும் விஷவாயு அளவு கூடும்போது மூக்கின் மோப்பத்தையே முதலில் மழுங்கடித்துவிடும், நாற்றம் இல்லாததுதான் ஆபத்து என்பது அவருக்குத் தெரியாது. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். குழாய் வழக்கில் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த அன்று அவர் கிரிமினல் கோர்ட்டில் நின்றிருந்தார். இறந்த இருவரில் ஒருவருடைய மனைவி கைக்குழந்தையோடு அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் வழக்கும் முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சப் கோர்ட்டில் அப்பீல், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல் என்று போகக்கூடியது. சீக்கிரம் முடியும் என்று மாநகராட்சிமேல் உயர் நீதிமன்றத்தில் நேராக ரிட் மனு போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள்" என்று மாநகராட்சிக்கு உத்தரவு வரும், சந்துச் சண்டையை சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அத்தனை வருடமும் அந்த டேங்க் உங்கள் கொல்லையில் இருக்கும். பொங்கி வழிந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் சுகாதாரக் கேடு என்று புகார் கொடுக்கப் போவதும் கொழுந்தனார்தான். அப்போது எதிர்மனுதாரர் நீங்கள்.

அதனால் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஒன்றரை லட்சம் அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமா அநியாயமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை, பேசிக் குறையுங்கள். அவர் வீட்டுக்கும் இணைப்பு வேண்டும், அவருக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் சந்து வரை தோண்டும் செலவு என்னுடையது, டைல்ஸும் நானே போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பித்துப் பாருங்கள். ரொக்கமாகக் கேட்பவர் வேலையாகக் கொடுத்தால் பெரும்பாலும் இறங்கி வருவார். நீங்கள் நேரில் பேச வேண்டாம். இருவருக்கும் வேண்டிய பெரியவர் யாராவது பேசட்டும். பேசும்போது காரியத்துக்கு வராத கதையை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் இன்ஜினியரை வைத்து மட்டம் பார்த்துவிடுங்கள். தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பார்கள். உங்கள் கழிவறைத் தரையிலிருந்து தெருச் சேம்பர் வரை வாட்டம் கிடைக்காவிட்டால் பாத்தியம் வாங்கியும் பயன் இருக்காது.

ஒத்துக்கொண்டார் என்றால் அந்த வாரமே பத்திரம். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு சாட்சி போட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் முன்கட்டை விற்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வெறும் அனுமதியாகக் கொடுத்தது வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது, வசதியுரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. நிரந்தரமாகக் குழாய் பதித்தாயிற்று, இனி ரத்து செய்ய முடியாது என்று வாதிட 60-வது பிரிவு இருக்கிறது, ஆனால் அதற்கு மறுபடி ஒரு வழக்கு. பாத்தியம் எழுதிக்கொடுத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் வரட்டும். குழாய் போகும் இடத்தை அளவோடு வரைபடமாக இணையுங்கள். அடைப்பு எடுக்கவும் பழுது பார்க்கவும் தோண்ட உரிமை, தோண்டினால் தரையைப் பழையபடி செய்து தரும் பொறுப்பு, குழாய் மேல் கட்டடம் எழுப்பக் கூடாது, இரு தரப்பு வாரிசுகளையும் வாங்குகிறவர்களையும் கட்டுப்படுத்தும், இவை நான்கும் வாசகத்தில் இருக்க வேண்டும். அவர் பிள்ளைகளும் கையெழுத்துப் போடட்டும். உங்கள் பக்கம் நீங்கள் மட்டும் போட்டால் போதாது, கணவரின் வாரிசாக மகனும் மகளும் சேர வேண்டும். துபாயில் இருக்கும் மகனிடம் இப்போதே பவர் வாங்கி வையுங்கள்.

நோட்டீசைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். விண்ணப்பம், டெபாசிட், வரி ரசீது நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததே. டெபாசிட்டைக் கட்டிவிட்டு, இணைப்பு எடுக்கத் தயார், சந்தில் இன்ன தடை இருக்கிறது, நேரில் பார்க்கவும் என்று ஆணையருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். ராத்திரியில் ஒரு பிளம்பரை வைத்து மழைநீர் வடிகாலில் திருப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாய்க்கால் வழக்கில் உங்களுக்கு இருக்கும் நல்ல பெயர் அதோடு போய்விடும்.

குழாய் பதியும் வரை டேங்க்குக்கு என்ன செய்வது? உரிமம் உள்ள லாரிக்காரரிடம் கூடுதல் குழாய் கேளுங்கள், இணைத்து நீட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், காசு கொஞ்சம் அதிகம் ஆகும். சந்து வழியாகக் குழாயை இழுத்துப் போக கொழுந்தனார் தடுத்தால் அன்றைக்கே எனக்குத் தெரியப்படுத்துங்கள், அதற்கு மட்டும் அவசரமாகக் கோர்ட்டுக்குப் போகலாம். அந்தப் பையன்களுக்கு இன்றே போன் செய்து, இனிமேல் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.