அடர்த்தி: கேட்டதும் சொன்னதும்

நெல்லியடி மாணவி: சேர், ஒழுங்கில்லாத கல்லின்ர கனவளவை எப்படி எடுக்கிறது?

கல்லைக் காய்ஞ்சபடியே முதலில் நிறுங்கோ. நனைச்சுப்போட்டு நிறுத்தால் ஒட்டின தண்ணியும் திணிவில் சேரும். அளவுச்சாடியில் 50 மில்லிலீற்றர் தண்ணி விட்டு, கல்லை நூலில் கட்டி இறக்குங்கோ. பிறையுருவின் (தண்ணி மேற்பரப்பின்ர வளைவு) அடியைக் கண்மட்டத்தில் வாசியுங்கோ. மட்டம் 68 என்றால் கனவளவு 68 − 50 = 18 மில்லிலீற்றர். திணிவு 47 கிராம் என்றால் அடர்த்தி 47 ÷ 18 = 2.6 (ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை கிராம்). குமிழி ஒட்டியிருந்தால் நூலை ஆட்டி விடுங்கோ.

வேலணை: முருகைக்கல்லுக்கும் இதுதானே?

இல்லை, துளைக்குள்ள தண்ணி ஏறும். மெல்லிசாய் மெழுகு பூசி, ஏறின மெழுகின் திணிவை மெழுகின் அடர்த்தி 0.9 ஆல் பிரித்து வரும் கனவளவைக் கழியுங்கோ.

சாவகச்சேரி: பனங்கட்டி?

கரைஞ்சு போம். தண்ணிக்குப் பதிலாய்த் தேங்காயெண்ணெய்.

சுன்னாகம்: அண்ணை, ரண்டு பவுண் சங்கிலி 22 கரட்டோ எண்டு வீட்டில பார்க்கலாமோ?

சாடியில் பார்க்காதேங்கோ. 16 கிராமுக்குக் கனவளவு 0.9 மில்லிலீற்றர்தான், ஒரு கோட்டுக்கே காணாது. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணிக் கிளாசை வைத்துப் பூச்சியமாக்குங்கோ. சங்கிலியை நூலில், அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்கத் தொங்கவிடுங்கோ. தராசு காட்டும் கிராமே மில்லிலீற்றரில் கனவளவு. 0.90 எண்டால் 16 ÷ 0.90 = 17.8. 22 கரட்டுக்கு 17.6 முதல் 18.0 வரை வரும். செம்பு கூடினால் கீழ்ப்பக்கம், வெள்ளி கூடினால் மேல்பக்கம். 18 கரட் 15 – 16 தான். குமிழி, குமிழி! ஒரு கண்ணிக்குள்ள நிண்டாலும் கனவளவு கூடிப் பவுண் மட்டமாய்த் தெரியும். தண்ணியில் ஒரு துளி சவர்க்காரம் விடுங்கோ.

கொக்குவில்: இதெல்லாம் எதுக்கு? பத்தர் உரைகல்லில ஒரு கோடு போட்டால் காணும்.

உரைகல் மேற்பரப்பைத்தான் சொல்லும். தடிச்ச பூச்செண்டால் அடியில் கிடக்கிறது தெரியாது.

கொக்குவில்: அப்ப பொள்ளல் மணிக்கு உங்கட கணக்கு?

பிழைக்கும், ஒத்துக்கொள்ளுறன். மூடின மணியில் காத்து, சிலதில் அரக்கு. நல்ல பவுணும் மட்டமாய் வரும். கல் பதிச்ச நகையும் அப்படித்தான். மற்றப் பக்கமும் இருக்கு: தங்ஸ்டன் எண்ட உலோகத்தின்ர அடர்த்தி 19.3, சுத்தத் தங்கத்தினதும் அதுவே. உள்ளுக்குத் தங்ஸ்டன் வைத்த கட்டியை என்ர தராசு பிடியாது, உங்கட உரைகல்லும் பிடியாது.

மானிப்பாய்: சேர், 2.6 ஐக் கிலோகிராம், கன மீற்றரில் எழுத?

1000 ஆல் பெருக்குங்கோ.

கோண்டாவில்: 7.8 ஐ?

மானிப்பாய்க்குச் சொன்னதுதான்.

அளவெட்டி: மிதக்கிற கட்டைக்கு?

இரும்புத் துண்டொன்றைக் கீழே கட்டி அமிழ்த்துங்கோ. இரும்பு மட்டும் அமிழ்ந்த வாசிப்பை முதலில் எடுத்தால்தான் கழிக்கலாம். குமிழியைப் பாருங்கோ.