லண்டன் ஃபிளாட்டின் குத்தகையை எப்போது நீட்டிப்பது?

கேள்வி: துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் வசிக்கிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் மகன் சென்ற ஆண்டு ஒரு ஃபிளாட் வாங்கினான். 24.6.1982 முதல் 125 ஆண்டுகளுக்கான குத்தகை அது. நில உரிமையாளரான நிறுவனம், “நோட்டீஸ் எதுவும் தேவையில்லை, குத்தகைக் காலத்தை மறுபடியும் 125 ஆண்டுகளாக ஆக்கித் தருகிறோம், அடிமனை வாடகை இப்போதுள்ளபடியே தொடரும்” என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் புதிய குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் முழுமையாக அமலாகும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள் அவனுடைய நண்பர்கள். என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து உதவ நினைக்கிறேன். எது சரி?

பதில்: கடிதத்திற்கு உடன்படவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். தங்கள் மகனின் குத்தகை 2107 ஜூனில் முடிகிறது. அப்படியானால் 2027 ஜூனில் மீதிக் காலம் சரியாக 80 ஆண்டுகளாகிவிடும். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த 80தான் எல்லைக்கோடு.

1993ஆம் ஆண்டின் குத்தகைச் சீர்திருத்தச் சட்டப்படி, 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்கு முதலில் எழுதப்பட்ட குத்தகையில் ஃபிளாட் வைத்திருப்பவர், மீதிக் காலத்துடன் மேலும் 90 ஆண்டுகளைக் கேட்டுப் பெறலாம். அதன்பின் அடிமனை வாடகை அடியோடு நின்றுவிடும். இதற்காக நில உரிமையாளர் இழக்கும் வாடகைக்கும், நிலமும் வீடும் அவர் கைக்குத் திரும்புவது தள்ளிப்போவதற்கும் ஒரு தொகை தர வேண்டும். நீட்டிப்புக் கேட்டு நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் மீதிக் காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் கணக்கு அதோடு முடிந்தது. 80 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பினால் சொத்தின் மதிப்பில் உண்டாகும் கூடுதலில், அதாவது ‘மேரேஜ் வேல்யூ’ என்பதில், பாதியையும் சேர்த்துத் தர வேண்டும். ஒரு பேச்சுக்கு அந்தக் கூடுதல் 30,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் தாமதத்திற்கு 15,000 பவுண்டு கையை விட்டுப் போகும்.

கடிதத்தில் பெரிதாகத் தெரியும் 125 என்ற எண்ணைக் கழித்துப் பாருங்கள். இப்போதே 81 ஆண்டுகள் கையில் இருப்பதால், அவர்கள் கூட்டித் தருவது 44 ஆண்டுகள் மட்டுமே. சட்டவழியில் சென்றால் மொத்தம் 171 ஆண்டுகள் கிடைக்கும். அடிமனை வாடகை பற்றிய வரியும் கவனிக்க வேண்டியது. 30.6.2022 முதல் நடைமுறையில் உள்ள அடிமனை வாடகைச் சட்டம், இப்படிப் பேசி முடித்துக்கொள்ளும் நீட்டிப்பில், புதிதாகச் சேரும் காலத்திற்குத்தான் வாடகையைத் தடை செய்கிறது. பழைய மீதிக் காலத்திற்குப் பழைய வாடகையை வாங்கிக்கொள்ள இடம் கொடுக்கிறது. எனவே தங்கள் மகன் தம் வாழ்நாள் முழுதும் அதைக் கட்டிக்கொண்டிருப்பார். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய் 2027 ஜூன் கடந்துவிட்டால் லாபம் யாருக்கு என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சொல்லும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் உண்மைதான். ஃபிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அது 31.1.2025 முதல் நீக்கிவிட்டதால்தான், சென்ற ஆண்டு வாங்கிய தங்கள் மகனால் உடனே நோட்டீஸ் கொடுக்க முடிகிறது. 990 ஆண்டு நீட்டிப்பும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் அதே சட்டத்தில் உள்ளன. ஆனால் அப்பிரிவுகள் அரசு தனியே அறிவிக்கும் நாளில்தான் அமலுக்கு வரும். 80க்கு மேல் இருப்பவருக்கு மேரேஜ் வேல்யூ ஒழிப்பால் எந்த ஆதாயமும் இல்லை. 171க்கும் 990க்கும் உள்ள வித்தியாசமோ, கொள்ளுப்பேரனுக்கும் அப்பாற்பட்ட கணக்கு.

ஆகவே குத்தகை நீட்டிப்பில் பழக்கமுள்ள ஒரு சொலிசிட்டரையும் (வழக்கறிஞர்) சொத்து மதிப்பீட்டாளரையும் அமர்த்தி, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் குறிக்கும் தொகை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். பேரம் பேசுவதற்காக ஒரு பவுண்டு என்று எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகக்கூடும். நில உரிமையாளர் பதில் தரக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அவருடைய பதிலுக்குப் பின்னும் தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால், இரண்டு மாதம் கழித்து, ஆறு மாதத்திற்குள், தீர்ப்பாயத்தை நாடலாம். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் நோட்டீஸ் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். மறுபடி கொடுக்கப் பன்னிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். தங்கள் மகனுக்கு அந்தப் பன்னிரண்டு மாதம் 80ஆம் கோட்டைத் தாண்டிவிடும். எதிர்த்தரப்பின் நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தங்கள் மகன் தலையில்தான் வைக்கிறது என்பதால், அதற்கும் பணம் ஒதுக்கி வைக்கட்டும்.

தாங்கள் பணம் அனுப்பத் தடையில்லை. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில், ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண் அவசியம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 விழுக்காட்டை வரியாக முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

கேள்வி: திருவொற்றியூரில் கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் எங்கள் வீடு இருக்கிறது. குத்தகை முடியப்போகிறது. எங்களுக்கும் இப்படிக் கேட்கும் உரிமை உண்டா?

பதில்: இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நீட்டிப்பை உரிமையாக வழங்கவில்லை. பத்திரத்தில் புதுப்பிக்கும் ஷரத்து இருந்தால்தான் பிடிமானம். 1921ஆம் ஆண்டு நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், வீடு கட்டிக்கொண்டவர் அடிமனையை விலைக்குக் கேட்கலாம் என்றிருந்தாலும், 1996ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில் நிலங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, அது இல்லாத குத்தகை செல்லாது. எனவே கோயில் அலுவலகத்தில் யார் வாய்மொழியாக என்ன உறுதி கொடுத்தாலும், ஆணையரின் உத்தரவு நகல் கைக்கு வரும் முன் பணம் கட்டாதீர்கள். கட்டிய அடிமனை வாடகை ரசீதுகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.