டயாலிசிஸ் வீட்டிலா, மையத்திலா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். மருந்தின் அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும்; ரிப்போர்ட் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது. மற்றவற்றுக்கு வருகிறேன்.

அக்கா, அப்பாவுக்கு ஜி.எஃப்.ஆர். 12. ஆனாலும் டாக்டர் "இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம்" என்கிறார். தாமதமாகிவிடாதா?

ஆகாது. ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்; அதை மட்டும் வைத்து யாரும் தொடங்குவதில்லை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் அறிகுறி தெரியும்வரை பொறுத்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று 2010-இல் வெளியான ஐடியல் ஆய்வு காட்டியது. ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், மாத்திரைக்கு அடங்காத பொட்டாசியம் என்று வந்தால் உடனே ஓட வேண்டும்.

ஆனால் இந்த இடைவெளியைச் சும்மா கழிக்காதீர்கள். அப்பாவுக்கு ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் ரத்த டயாலிசிஸ்தான் என்று முடிவானால், கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் இணைப்பது) போட்டு அது ஊசி குத்தும் அளவுக்குத் தேற ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். "தேவைப்படும்போது பார்த்துக்கலாம்" என்றவர்கள்தான் அவசரத்தில் கழுத்தில் கதீட்டர் குழாயோடு தொடங்குகிறார்கள். அதில் தொற்று அபாயம் கூடுதல். ஃபிஸ்டுலா போடப்போகும் கையில் இப்போதிருந்தே ரத்தம் எடுக்க விடாதீர்கள்.

வயிற்று டயாலிசிஸ் மட்டமானதா? எங்கள் உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

உறவினர்களை விடுங்கள்! பொருத்தமானவர்களுக்கு அது மையத்து டயாலிசிஸுக்குச் சளைத்ததல்ல. வயிற்றுக்குள் திரவம் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதிதாக விடுவார்கள். கையால் செய்தால் வழக்கமாக நாளுக்கு 4 முறை, ஒவ்வொன்றும் அரைமணி, முக்கால் மணி. மெஷின் இருந்தால் தூங்கும் நேரத்தில் அதுவே செய்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சிறுநீரகத்தில் மிச்சமிருக்கும் வேலைத்திறனும் இதில் சற்று நீண்ட காலம் நீடிக்கும்.

தொல்லை எங்கே என்றால், தினமும் செய்தாக வேண்டும், விடுமுறை கிடையாது. கை கழுவுவதில் சோம்பல் கூடாது. வடியும் திரவம் கலங்கலாக வந்தாலோ வயிறு வலித்தாலோ, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திரவத்தில் குளுக்கோஸ் உண்டு, சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும். வயிற்றில் பல முறை ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

ரத்த டயாலிசிஸையே வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். அடிக்கடியோ இரவு முழுக்கவோ மெதுவாகச் செய்யலாம் என்பதால் உடம்பு தெம்பாக இருக்கும். ஆனால் பல வாரப் பயிற்சி, சுத்தமான தண்ணீர், நம்பகமான மின்சாரம் எல்லாம் வேண்டும். பெரும்பாலும் கூட ஒருவரும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் களைத்துப்போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முடிவெடுக்கும் முன் அவரிடமும் கேளுங்கள்.

மையத்தில் வாரம் 3 நாள், 4 மணி நேரம் உட்காருகிறேன். ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் சிஸ்டர்?

விடாதீர்கள். வார இறுதியின் நீண்ட இடைவெளியே இதயத்துக்குச் சுமை. அதற்கு மேலும் ஒரு நாள் போனால் நீரும் பொட்டாசியமும் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். வர முடியாத நாளென்றால் முன்கூட்டியே போன் செய்து வேறு நேரம் கேளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் டயாலிசிஸுக்குப் பிறகுதானா?

அப்படியொரு விதியில்லை. கொடுக்க உறவினர் தயாராக இருந்தால் டயாலிசிஸே தொடங்காமல் மாற்றலாம், பலன் நன்றாக இருக்கும்.

பாட்டிக்கு 84 வயது, இதயமும் பலவீனம். டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார்.

அவர் சொல்வதைக் கேளுங்கள். டயாலிசிஸ் இல்லாமல் அரிப்பு, மூச்சுத்திணறல், வீக்கம், ரத்தசோகை இவற்றை மருந்தால் தணித்துப் பார்த்துக்கொள்வதும் முறையான சிகிச்சைதான். இந்த வயதில் பல நோய்களோடு இருப்பவர்களுக்கு டயாலிசிஸால் கூடும் நாட்கள் அதிகமில்லாமலும் போகலாம். அதிலும் பல நாட்கள் மருத்துவமனையிலேயே கழியும். மருத்துவர் பேசும்போது பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.