வாசகர் கேள்வி: அஞ்சல் குதிரை சீமாட்டியைச் சுமந்த கதை

கேள்வி: மத்திய கால ஐரோப்பா பற்றிய நூல்களில் வரும் ‘போல்ஃப்ரி’ என்ற சவாரிக் குதிரையின் பெயரும், ஜேர்மன்காரர் குதிரையைச் சொல்லும் ‘ப்ஃபேர்ட்’டும் ஒரே சொல் என்கிறாள் அங்கே படிக்கும் என் மருமகள். ஓசையில் ஒற்றுமையே இல்லையே? நெடுந்தீவுக் குதிரைகளும் அந்த இனமா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: மருமகள் சொல்வது சரி. இரண்டும் பிற்கால இலத்தீனின் ‘பரவெரேதுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. ‘வெரேதுஸ்’ உரோமப் பேரரசின் அஞ்சல் குதிரை. கெல்டிக் மொழியிலிருந்து இலத்தீனுக்குப் போன சொல். முன்னால் நிற்கும் ‘பர’ கிரேக்க ஒட்டு. ‘பக்கத்தில், மேலதிகமாக’ என்று பொருள். பெருந்தெருவில் ஓடியது வெரேதுஸ், கிளைத்தெருவுக்கென்று மேலதிகமாகப் பிடித்தது பரவெரேதுஸ். ஏ9 வீதியில் ஒரு குதிரை, மாங்குளத்தில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்ப வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி ஓசை. ஒரே சொல்லில் இரண்டு ‘ர’ வந்ததில் நாக்கு இடறி, முதல் ‘ர’ ‘ல’ ஆனது: பலஃப்ரேதுஸ். அது பழைய பிரெஞ்சில் வால் குறுகி, ஆங்கிலத்தில் போல்ஃப்ரி ஆயிற்று. ஜேர்மன் ‘ர’வை வைத்துக்கொண்டு முதலெழுத்து ‘ப’வை ‘ப்ஃப’ ஆக்கியது. அந்த மாற்றம் நடக்காத டச்சில் இன்றும் ‘பார்ட்’தான். ஆங்கிலத்தில் ‘சுதந்திரம்’ என்று பொருள்படும் ‘ஃப்ரீ’க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

போல்ஃப்ரி இனப்பெயர் அல்ல, வேலைப்பெயர். பிரபுக்களும் சீமாட்டிகளும் மதகுருமாரும் நெடும்பயணத்துக்கு விரும்பியது இதைத்தான். காரணம் அதன் நடை. சாதாரணத் துள்ளோட்டத்தில் குறுக்குக் கால்கள் சோடியாக விழும். இடையில் நான்கும் நிலத்தை விடும். சவாரிக்காரரின் இடுப்பு உடைவது அங்கேதான். போல்ஃப்ரியின் நடையில் கால்கள் ஒவ்வொன்றாக ஊன்றும், ஒன்றாவது எப்போதும் தரையில் இருக்கும். இதற்குப் பிறவிக்கூறும் உண்டு: டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவின் மாற்றத்தை 2012இல் ஆய்வாளர் கண்டறிந்தனர்.

போர்க்குதிரை வேறு. அதன் பெயர் ‘டெஸ்ட்ரியர்’. வலப்பக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பணியாள் வலக்கையால் பிடித்து நடத்தி வந்ததால் அப்பெயர் என்பது பொதுவான விளக்கம்.

ஆகவே நெடுந்தீவுக் குதிரை ‘அந்த இனமா’ என்று கேட்க இடமில்லை. நடையைத்தான் பார்க்க வேண்டும். போனால் கால்களைக் கவனியுங்கள்: முன்னங்காலில் இடதும் பின்னங்காலில் வலதும் ஒரே நேரத்தில் நிலத்தில் பட்டால் அது துள்ளோட்டம்.