அடித்தவள் தோற்றாள், அடிவாங்கியவள் ஜெயித்தாள்: இது என்ன நியாயம்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூன்று வருடமாகக் கராத்தே கற்கிறாள், பச்சை பெல்ட். போன மாதம் மாவட்டப் போட்டியில் ஃபைட்டில் 5-2 என்று முன்னால் இருந்தாள். முடியப்போகும் நேரத்தில் இவள் விட்ட குத்து எதிரே இருந்த பெண்ணின் உதட்டில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. நடுவர் அந்தப் பெண் ஜெயித்ததாகக் கை காட்டிவிட்டார். "ரெஃப்ரி அவங்க ஆளுங்க" என்கிறார் எங்கள் மாஸ்டர். அடுத்த மாதம் வெளியூரில் ஒரு இன்டர்நேஷனல் போட்டி இருக்கிறதாம், 4,500 ரூபாய் கட்டச் சொல்கிறார். அதில் மெடல் வாங்கினால் பின்னால் காலேஜ் சீட்டுக்கு உதவுமாம். மகள் கண்ணாடி போடுகிறவள். அனுப்பலாமா? போட்டி விதிகள்தான் என்ன?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: சகோதரி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நடுவர் செய்தது சரி. உங்கள் மாஸ்டர் சொன்னது தப்பு. இருபத்தைந்து வருடமாக மேட் (போட்டி நடக்கும் விரிப்பு) நடுவில் நின்று கை காட்டுகிறவன் என்பதால் நடுவர் கட்சி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆள் பார்த்துக் கை தூக்குகிற நடுவர்களை நானும் பார்த்திருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இந்த ஃபைட்டில் யார் நின்றிருந்தாலும் இதே தீர்ப்புதான் வந்திருக்கும்.

கராத்தே போட்டி குத்துச்சண்டை இல்லை. குத்து வேகமாகப் போக வேண்டும், முகத்துக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் பாயின்ட். பெரியவர்கள் போட்டியிலேயே முகத்துக்குப் போகும் குத்து தோலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும் என்பார்கள். 14 வயதுக்குக் கீழே அந்தச் சலுகையும் கிடையாது. தலையிலும் கழுத்திலும் லேசாகப் பட்டாலும் குற்றம். குத்து ஒழுங்காகப் போயிருந்தால், பத்து சென்டிமீட்டர், அதாவது ஒரு உள்ளங்கை அகலம் தள்ளி நின்றாலும் பாயின்ட் தரலாம். உங்கள் பாப்பா அந்த உள்ளங்கை அகலத்தைத் தாண்டி, உதட்டையும் தாண்டிவிட்டாள். 5-2 என்பது அதற்கப்புறம் வெறும் எண்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னால் இருக்கிறார். அவர் விட்ட உதை ஈரான் வீரர் சஜாத் கஞ்ஜாதேவின் தலைப்பக்கம் விழுகிறது. கஞ்ஜாதே நினைவில்லாமல் சாய்கிறார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். ஹமேதிக்கு ஹன்சோகு, அதாவது தகுதி நீக்கம். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம், நின்றுகொண்டிருந்தவருக்கு வெள்ளி. அன்றைக்கு உலகமே உங்களைப் போலத்தான் கேட்டது, இது என்ன நியாயம் என்று. கராத்தேக்காரர்கள் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நாங்களும் இரண்டு நாள் அடித்துக்கொண்டோம். ஆனாலும் விதி விதிதான்.

பாயின்ட் கணக்கு சுலபம். குத்துக்கு 1, உடம்பில் விழும் உதைக்கு 2, தலைக்குப் போகும் உதைக்கும், எதிராளியைக் கீழே சாய்த்துவிட்டு உடனே வைக்கும் குத்துக்கும் 3. எட்டுப் பாயின்ட் வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. உங்கள் மகள் வயதுக்கு ஒன்றரை நிமிடம்தான் ஃபைட். சமமாக முடிந்தால் முதல் பாயின்டைத் தனியாக எடுத்தவருக்கு வெற்றி, அதற்கு சென்ஷு என்று பெயர். இந்த 3 பாயின்ட் ஆசையில்தான் சில மாஸ்டர்கள் மஞ்சள் பெல்ட் பிள்ளைகளுக்கே தலை உதையைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். காலை நிறுத்தத் தெரியாத பிள்ளை காலைத் தூக்கினால் என்ன ஆகும்?

தப்புக்குத் தண்டனை படிப்படியாக ஏறும். சுய் என்கிற எச்சரிக்கை மூன்று முறை வரை. அடுத்து ஹன்சோகு-சுய் என்கிற கடைசி எச்சரிக்கை, அதற்கும் மேலே ஹன்சோகு. கோட்டுக்கு வெளியே காலை வைத்தாலும், சண்டை போடாமல் ஓடினாலும், பிடித்துத் தள்ளினாலும் இதே ஏணிதான். ஆனால் காயம் பெரிதாக இருந்தால் நடுவர் இடையில் உள்ள படிகளைத் தாண்டி நேராக ஹன்சோகுவுக்குப் போகலாம். உங்கள் மகளுக்கு நடந்தது அது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பயிற்சியாளர்களுக்கே இது தெரியாது. அடிவாங்கியவர் தானாகப் போய் அடியில் தலையைக் கொடுத்தால்? அதற்கு முபோபி என்று பெயர். தன்னைக் காத்துக்கொள்ளாத குற்றம். கையை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையை முன்னால் நீட்டியபடி பாய்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். எதிரே இருக்கிற பிள்ளை சரியான தூரத்தில்தான் குத்தை நிறுத்துகிறாள், பாய்ந்தவள் மூக்கைக் கொண்டுவந்து அந்தக் கையில் மோதுகிறாள். அப்போது ரத்தம் வந்தாலும் தப்பு ரத்தம் வந்தவள் மேல்தான். இன்னொரு வகையும் உண்டு. ஒரு குத்து விட்டதும் பாயின்ட் வந்துவிட்டது என்று தானே முடிவு செய்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நடுவரைப் பார்ப்பது. அந்த நேரம் பின்னாலிருந்து அடி விழுந்தால் அதுவும் முபோபிதான். நடுவர் "யாமே" (நிறுத்து) சொல்லும்வரை ஆட்டம் நிற்கவில்லை. இது உங்கள் மகள் விஷயத்தில் பொருந்துமா? அந்தப் பெண் உள்ளே பாய்ந்து வந்தாளா, நின்ற இடத்தில் அடிவாங்கினாளா என்பதைப் பொறுத்தது. யாராவது செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் நிதானமாகப் பாருங்கள். குத்து உதட்டில் படும் நேரத்தில் அவள் தலை முன்னால் வந்துகொண்டிருந்தது என்றால், அன்றைக்கே உங்கள் கோச் பேசியிருக்க வேண்டும். கோச் மட்டும்தான் பேசலாம். அப்பா, அம்மா, தாய்மாமன் யாருக்கும் அந்த உரிமை இல்லை. அவர் அங்கே வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தபிறகு "அவங்க ஆளு" என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அடிபட்டதைப் பெரிதாக்கி நடித்தாலும் தண்டனை உண்டு. ரத்தம் நடிப்பு இல்லை, விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 12 வயதுப் பெண்ணின் உதடு எப்படிக் கிழிந்தது? இந்த வயதுப் பிரிவில் முகக் கவசம் கட்டாயம். கிளவுஸ், மவுத் கார்டு, செஸ்ட் கார்டு, முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு, பாதத்துக்கான கார்டு எல்லாமே கட்டாயம். முகக் கவசம் போட்டிருந்தால் உங்கள் மகளும் தோற்றிருக்க மாட்டாள், அந்தப் பெண்ணும் அழுதிருக்க மாட்டாள். என்ட்ரி ஃபீஸ் வாங்கத் தெரிகிறது, மேடையில் பத்துப் பேருக்குச் சால்வை போடத் தெரிகிறது, ஒரு மேட்டுக்கு நாலு முகக் கவசம் வாங்கி வைக்கக் காசு இல்லை! ஒரு பிள்ளை கழற்றிய கிளவுஸை, வியர்வை சொட்டச் சொட்ட அடுத்த பிள்ளைக்கு மாட்டுகிறார்கள். போன வருடம் ஒரு போட்டியில் மவுத் கார்டையே இப்படிக் கை மாற்றியதை என் கண்ணால் பார்த்து மேட்டை நிறுத்தினேன். மவுத் கார்டு என்பது பல் துலக்கும் பிரஷ் மாதிரி. ஒருவருக்கு ஒன்று. வெந்நீரில் போட்டுக் கடித்துப் பல்லுக்குப் பொருத்திக்கொள்ளும் வகையை வாங்கிக்கொடுங்கள். பல்லுக்கு கம்பி கட்டியிருந்தால் டாக்டரும் நடுவரும் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் இறங்கலாம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்க முடியாது. விதியில் கறாராகவே இருக்கிறது. மிருதுவான கான்டாக்ட் லென்ஸ் போடலாம், ஆனால் அவரவர் பொறுப்பில். 12 வயதுக் குழந்தைக்கு ஒன்றரை நிமிட ஃபைட்டுக்காக லென்ஸ் வாங்க ஓடாதீர்கள், முதலில் கண் மருத்துவரைக் கேளுங்கள். பவர் குறைவு என்றால் வகுப்பிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழகட்டும். கை தெரியாவிட்டாலும் எதிராளியின் தோள் அசைவது தெரியும், அதைப் பார்க்கப் பழக்கினால் போதும். பவர் அதிகம் என்றால் ஃபைட்டை விட்டுவிட்டுக் கட்டாவில், அதாவது தனியாக நின்று அசைவுகளை வரிசையாகச் செய்து காட்டும் பிரிவில் இறக்குங்கள். அதிலும் கண்ணாடி கிடையாது, ஆனால் யாரும் எதிரே குத்த வர மாட்டார்கள். கட்டாவில் பெயரை உரக்கச் சொல்லி, சொன்ன கட்டாவைத்தான் செய்ய வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வணங்க வேண்டும். பெல்ட் அவிழ்ந்து கீழே விழுந்தால் போச்சு. கடைசியாகச் சொன்னதில்தான் எத்தனையோ நல்ல பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வருகிறார்கள். புது பெல்ட் வழுக்கும். பத்து நாள் முன்னதாகவே கட்டிப் பழகட்டும்.

மரியாதை விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் வணக்கம், எதிராளிக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம். பச்சை பெல்ட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, சிவப்போ நீலமோ கொடுத்ததைக் கட்டிக்கொள்ள வேண்டும். அடித்துவிட்டால் ஓடிப்போய் அந்தப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்க வேண்டும். மன்னிப்பை ஃபைட் முடிந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம், கேட்கவும் வேண்டும். ஜெயித்ததும் கையைத் தூக்கிக் குதிக்கக் கூடாது. கூப்பிடும்போது இல்லையென்றால் ஆட்டம் போனது, அதனால் பெயர் கூப்பிடும் நேரத்தில் பாப்பாவைச் சாப்பிடக் கூட்டிப் போகாதீர்கள். உங்களுக்கும் ஒன்று: கேலரியிலிருந்து "குத்துடி, குத்துடி" என்று கத்தாதீர்கள். 5-2 என்று முன்னால் இருந்த குழந்தை எதற்காக அந்தக் கடைசிக் குத்தை விட்டாள்? யார் கத்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 4,500 ரூபாய். கட்டாதீர்கள்.

இன்டர்நேஷனல் என்று பேனர் அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கத்து நாட்டிலிருந்து நாலு பேர் வந்து கொடி பிடித்து நின்றால் இன்டர்நேஷனல். வராவிட்டாலும் இன்டர்நேஷனல். உலகக் கராத்தே கூட்டமைப்பு ஒரு நாட்டில் ஓர் அமைப்பைத்தான் ஏற்கிறது. இந்தியாவில் அது இப்போது கராத்தே இந்தியா ஆர்கனைசேஷன். முன்பு அந்த இடத்தில் இருந்த சங்கம் 2020-ல் அதை இழந்தது. மேலே இருப்பவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொள்ள, கீழே மாவட்டத்துக்கு நாலு சங்கம், நாலு மாநிலப் போட்டி, நாலு மாநில சாம்பியன். பிள்ளைகளுக்கு எது உண்மை என்று எப்படித் தெரியும்? எங்களுக்கே சில வருடங்கள் தெரியவில்லை.

'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று சர்ட்டிஃபிகேட்டில் அச்சடித்திருப்பார்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கத்தைப் பதிந்தால் கிடைப்பது பதிவு எண். தெருவில் இருக்கும் மனமகிழ் மன்றத்துக்கும் அது இருக்கிறது. அந்த எண்ணைத்தான் அங்கீகாரம் என்று விற்கிறார்கள். ஐஎஸ்ஓ முத்திரையும் அப்படியே. சீட்டு வாங்கித் தருகிறேன் என்கிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் எந்த விளையாட்டு, எந்தப் போட்டி, எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அந்தந்த வருடக் கையேட்டில் அச்சாகி வரும். உரிய படிவத்தில், உரிய சங்கத்தின் கையெழுத்தோடு இருந்தால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. ஒருநாள் நேரில் போய்ப் போட்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கும் போங்கள். பள்ளிக்கூடம் வழியாக நடக்கும் போட்டிகளில் கராத்தே இருக்கிறதே, அதில் இறங்கச் சொல்லிப் பி.டி. சாரைக் கேளுங்கள். அந்த வழிக்கு 4,500 ரூபாய் ஆகாது.

மாஸ்டர் கோபித்துக்கொள்வார் என்று பயமாக இருந்தால், அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மகளின் எடைப்பிரிவில் எத்தனை பேர், டிரா ஷீட்டை (யாரோடு யார் மோதுகிறார்கள் என்ற பட்டியலை) காட்டுங்கள் என்று. மூன்று பேர் இருக்கும் பிரிவில் ஒரு ஃபைட்கூட ஜெயிக்காமலே வெண்கலம் வரும். இரண்டு பேர் என்றால் வெள்ளியே வரும். அந்த வெள்ளியைப் பள்ளியில் பேனர் வைத்துக் கொண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன். டிரா ஷீட் கேட்ட மறுநாளே பேச்சு மாறும். எடையைக் குறைக்கச் சாப்பாட்டை நிறுத்து, தண்ணீர் குடிக்காதே என்று வளரும் பெண்ணிடம் சொன்னால் அன்றைக்கே வகுப்பை மாற்றிவிடுங்கள்.

வரும் மூன்று மாதம் எந்தப் போட்டியும் வேண்டாம். சுவரில் ஒரு பழைய காலண்டரை மாட்டி, குத்து தாளுக்கு முன்னால் நிற்கும்படி தினம் ஐம்பது முறை குத்தச் சொல்லுங்கள். தாள் அசையலாம், கை படக் கூடாது. பிறகு உள்ளூர்ப் போட்டி ஒன்றில் இறக்கலாம். போட்டிக்கு முதல் நாள் ராத்திரி நகத்தை வெட்டிவிடுங்கள், கால் நகத்தையும். கம்மல், மூக்குத்தி, வெள்ளிக் கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தலையை ஒற்றைக் குதிரைவாலாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஹேர்பின் கூடாது.