பழைய வண்டிக்கு எந்த கியர் ஆயில்?

கேள்வி: 1950களில் தயாரான கார் ஒன்று என் தந்தையிடமிருந்து எனக்கு வந்தது, அதைச் சீரமைத்து வருகிறேன். அதன் கையேட்டில் பின் அச்சுக்கு ‘ஹைபாயிட் 90’ என்றும், கியர்பாக்ஸுக்கு ‘எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில்’ என்றும் அச்சிடப்பட்டுள்ளது. கடைக்காரரோ, ஜிஎல்-5 வகையைச் சேர்ந்த 80டபிள்யூ-90 ஆயிலை இரண்டிலும் ஊற்றலாம், அதுவே இன்றைக்கு உயர்ந்த தரம் என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: பின் அச்சில் ஊற்றுங்கள், கியர்பாக்ஸில் தயவுசெய்து ஊற்ற வேண்டாம். ஜிஎல் என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண்ணைத் தர வரிசையாக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த அந்த எண், ஆயில் எந்த வகைப் பற்சக்கரத்துக்கு, எவ்வளவு அழுத்தத்துக்கு உரியது என்பதைக் குறிக்கிறது. ஜிஎல்-5 என்பது ஹைபாயிட் பற்சக்கரங்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது.

ஹைபாயிட் அமைப்பை 1926இல் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களில் கொண்டுவந்தது. பினியன் என்ற சிறு பற்சக்கரத்தின் மையம், அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைவதால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு தாழ்ந்து, காரின் தரைத்தளத்தையும் தாழ்வாக வைக்க முடிந்தது. ஆனால் அந்த அமைப்பில் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல், கடும் அழுத்தத்தின் கீழ் நீளவாக்கில் வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயிலின் படலம் அறுந்துவிடும். இதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களை ஆயிலில் கலக்கிறார்கள். பற்கள் உரசிச் சூடேறும் இடத்தில் இச்சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து, மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. உலோகத்துக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்கிறது, உடனே மீண்டும் உருவாகிறது. உங்கள் பின் அச்சுக்கு இந்தக் காப்பு இன்றியமையாதது. அங்கே எஞ்சின் ஆயிலை ஊற்றினால் கிரவுனும் பினியனும் விரைவில் கெட்டுவிடும்.

கியர்பாக்ஸின் கதை வேறு. அதில் எஃகுப் பற்சக்கரங்களோடு, பித்தளை அல்லது வெண்கலத்தாலான சிங்க்ரோமெஷ் வளையங்களும் (கியர் விழுமுன் வேகத்தைச் சமன்செய்பவை) புஷ்களும் (தண்டைத் தாங்கும் உருளை வளையங்கள்) உள்ளன. இரண்டு கலப்பு உலோகங்களுக்கும் அடிப்படை செம்புதான். இரும்போடு வினைபுரியும் அதே கந்தகம், ஆயில் நன்கு சூடேறியிருக்கும்போது செம்பையும் பற்றுகிறது. அங்கு உருவாகும் கறுப்புப் படலம் ஒவ்வொரு உரசலிலும் உரிந்து, அடியிலுள்ள உலோகத்தையும் கொஞ்சம் கொண்டுபோகிறது. ஜிஎல்-5இல் இச்சேர்மங்களின் அளவு ஜிஎல்-4இல் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே நாளில் எதுவும் தெரியாது என்பதால்தான் பலரும் ‘நான் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்கிறார்கள். பல ஆண்டுகள் பொருந்தாத ஆயிலில் ஓடிய கியர்பாக்ஸ் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். எஃகுப் பற்கள் பளபளவென்று இருந்தன, சிங்க்ரோ வளையங்களோ கறுத்து, உட்புறத்து நுண்வரிகள் முற்றும் மழுங்கிப் போயிருந்தன. அத்தகைய வளையங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பது பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிங்க்ரோ வளையம் பற்சக்கரத்தின் கூம்பு வடிவப் பகுதியைப் பற்றிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமன்செய்த பிறகே கியர் ஓசையின்றி விழும். அப்படிப் பிடிப்பதற்கு ஓரளவு உராய்வு தேவை. மிகையாக வழுக்கும் ஆயில் அந்தப் பிடிப்பைக் கெடுப்பதால், கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் எழும். சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்று எண்ணி, தேவையில்லாமல் கியர்பாக்ஸைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

30 எங்கே, 90 எங்கே என்று எண்களைப் பார்த்தும் மலைக்க வேண்டாம். எஸ்ஏஇ எண் ஆயிலின் தடிப்பைக் குறிப்பது, ஆனால் எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் வெவ்வேறு அளவுகோல்களில் எண்ணிடப்படுகின்றன. 100 டிகிரி செல்சியஸில் எஸ்ஏஇ 90 கியர் ஆயிலின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. எஸ்ஏஇ 50 எஞ்சின் ஆயிலுக்கு அது 16.3 முதல் 21.9 வரை. அதாவது கியர் ஆயிலின் 90 என்பது எஞ்சின் ஆயிலின் 40க்கும் 50க்கும் அருகில்தான் நிற்கிறது. எஸ்ஏஇ 30 இவற்றைவிட மெலிந்தது, 9.3 முதல் 12.5 வரை. உங்கள் கியர்பாக்ஸுக்குக் கையேடு சொன்ன எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயிலே போதும். அதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

கேள்வி: 1920களைச் சேர்ந்த ஒரு லாரியின் பின் அச்சு, வார்ம் டிரைவ் முறையில், அதாவது திருகு ஒன்று பற்சக்கரத்தைச் சுழற்றும் முறையில், இயங்குகிறது. பழைய குறிப்பொன்றில் ‘600டபிள்யூ’ ஆயில் என்று இருக்கிறது. அவ்வளவு தடித்த ஆயில் இன்று உண்டா?

பதில்: 600டபிள்யூ என்பது எஸ்ஏஇ எண்ணே அன்று. நீராவி எஞ்சின் சிலிண்டர்களுக்கு ஊற்றிய தடித்த ஆயிலின் வணிகப் பெயர் அது. ஃபோர்டின் மாடல் ஏ காரில் கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் அதையே பயன்படுத்தச் சொன்னார்கள். இன்று அதற்கு நெருக்கமாக, அழுத்தச் சேர்மங்கள் கலக்காத ஜிஎல்-1 வகை எஸ்ஏஇ 140 ஆயிலையோ, ஐஎஸ்ஓ என்ற தொழிற்சாலை ஆயில் அளவுகோலில் 460 அல்லது 680 தடிப்புள்ள நீராவி சிலிண்டர் ஆயிலையோ தேடுங்கள். பிந்தையது தொழிற்சாலைகளின் வார்ம் கியர்களில் இன்றும் ஓடுகிறது.

உங்கள் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். வார்ம் டிரைவில் எஃகுத் திருகு சுழல, அதனோடு இணையும் சக்கரம் பெரும்பாலும் வெண்கலத்தால் ஆனது. உரசல் முழுவதும் வழுக்கலாகவே நடப்பதால் சூடும் அதிகம். கந்தகம் செம்பைத் தாக்குவதற்கு இதைவிடத் தோதான இடம் வண்டியில் வேறில்லை. எந்த ஆயிலை வாங்கினாலும், அதன் தொழில்நுட்பத் தாளில் செம்புப் பட்டைச் சோதனையின் முடிவைப் பாருங்கள். மெருகேற்றிய செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில், கியர் ஆயில்களுக்கு வழக்கமாக 121 டிகிரியில் 3 மணி நேரம், வைத்திருந்து அதன் நிறமாற்றத்தை 1 முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். 1 என்றால் பட்டை ஏறக்குறைய மாறவில்லை. 4 என்றால் கறுத்து அரித்துவிட்டது. வெண்கலம் உள்ள பெட்டிக்கு 1ஐத் தாண்டிய எதையும் நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு பின் அச்சிலிருந்து கசிவு தொடங்கியது. சிந்தெட்டிக் ஆயில்தான் காரணமா?

பதில்: இருக்கலாம். பழைய தோல் சீல்களும் ஃபெல்ட் சீல்களும் தடித்த மினரல் ஆயிலை நம்பி அமைந்தவை. மெலிந்த ஆயில் அவற்றின் வழியே எளிதில் ஊறும். ஆனால் அதற்குமுன் அச்சின் மேலுள்ள, காற்று வெளியேறும் பிரீதர் துளை அழுக்கால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். அந்த ஆயில் பிரேக் லைனிங்கில் பரவினால் பேராபத்து. ஆயில் ஊற்றும் ஃபில்லர் துளையின் விளிம்புக்கு மேலாக ஊற்றியிருந்தாலும் இதே கேடு நேரும். அடுத்த முறை ஆயிலை வடிக்கும்போது முதலில் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகே டிரெயின் பிளக்கைத் திறவுங்கள்.