கொழுப்புல நரம்பு சிக்னலை அழிக்கிற செல்லுக்கு மாத்திரை உண்டா? (பதில்)

இல்லைங்க, அதுக்குன்னு மாத்திரை இன்னும் வரல. நீங்க படிச்சது சரிதான், கொழுப்பைக் கரைக்கச் சொல்லி நரம்பு விடுற நார்அட்ரினலின்ங்கிற ரசாயனத்தை, நரம்பு மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கிற மேக்ரோஃபேஜ்ங்கிற நோய் எதிர்ப்பு செல் உறிஞ்சி அழிச்சிடுது, குண்டு எலிகள்ல இந்த செல் அதிகம், 2017ல அந்த உறிஞ்சுற புரதத்தை முடக்கினப்போ எலிக்கு எடை குறைஞ்சுது. எலிக்குத்தான்.

பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல எட்டு மணிக்குத்தான் படுக்கிறேன்னு எழுதியிருக்கீங்களே, எடை குறையாததுக்கு எனக்கு அந்தத் தூக்கம் மேலதான் சந்தேகம்.

டயட் இருந்தும் எடை நகரலன்னா முதல்ல தைராய்டு டெஸ்ட் எடுங்க, வெறும் வயித்துல டேப் வெச்சு இடுப்பையும் அளந்து எழுதி வைங்க, நம்ம ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

நார்அட்ரினலினை ஏத்தும்னு ஆன்லைன்ல விக்கிற ஃபேட் பர்னர் மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம், பிபி எகிறிடும்.